நூலகம் கேட்டவள்

நாணல்பேட்டைக்கு நூலகம் வேண்டும் என்று முதலில் வாய் திறந்து கேட்டது இசைவாணிதான். அவள் தெருக்காரர்கள் அதை இன்றுவரை மறக்கவில்லை.

வலங்கைமானிலிருந்து திருவாரூர் போகும் பஸ்ஸில் பாதி வழியில் வருகிற சின்ன ஊர் நாணல்பேட்டை. ஒரு கடைத்தெரு, ஒரு அரிசி ஆலை, ஒரு பள்ளிக்கூடம். அந்தப் பள்ளிக்கூடத்தில் இசைவாணி சத்துணவு சமைத்தாள். அவள் அப்பா அரசப்பன் பண்ணை வேலை பார்த்தவர். கட்சிக் கூட்டம் எங்கே நடந்தாலும் நடந்தே போய்க் கேட்டுவிட்டு வருவார். பிள்ளைக்குத் தமிழில் பெயர் வைத்தார், பத்தாவது வரை படிக்க வைத்தார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

கடைத்தெருவில் ஓர் ஓட்டுக் கட்டடத்தில் பழைய நூலகம் வாடகைக்கு இருந்தது. இசைவாணி அங்கே முதலில் போனது படிப்பதற்காக அல்ல, மின்விசிறிக்காக. பள்ளிக்கூடத்து அடுப்பில் வெந்துவிட்டு, பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்தபின், வியர்வை அடங்கட்டும் என்று போய் உட்கார்ந்தாள். சும்மா உட்கார்ந்தால் நூலகர் ஏதாவது நினைப்பாரோ என்று ஒரு வாரப் பத்திரிகையைப் பிரித்து வைத்துக்கொண்டாள். அதில் வந்த தொடர்கதை அவளைப் பிடித்துக்கொண்டது. ஒரு வருடத்தில் தடித்தடி நாவல்களை வீட்டுக்கு எடுத்துப் போக ஆரம்பித்தாள்.

வீடு வாய்க்கால்கரைத் தெருவில். பாசன வாய்க்காலின் கரைமேல் வரிசையாக இருந்த ஓலை வீடுகளும் ஓட்டு வீடுகளும்தான் அந்தத் தெரு. பக்கத்து வீட்டில் பொன்னுத்தாய். அரிசி ஆலையில் நெல் அவிக்கிற வேலை. கையெழுத்துப் போடத் தெரியுமே தவிரப் படிக்கத் தெரியாது. சாயங்காலம் இரண்டு பேரும் வாய்க்கால் படியில் துணி அலசும்போது இசைவாணி படித்த கதையைச் சொல்லுவாள். பொன்னுத்தாய்க்கு அது பழகிவிட்டது. துணி இல்லாத நாளிலும் வந்து நிற்பாள்.

“அந்தப் பொம்பள என்ன ஆனா? அவன் கூடப் போயிட்டாளா?”

“இன்னும் அந்த எடம் வரலக்கா.”

“வேகமாப் படிக்கறதுக்கு என்னடி கேடு?”

கஜா புயலில் நூலகத்து ஓடுகள் பறந்தன. ராத்திரி முழுக்கப் பெய்த மழையில் புத்தகங்கள் ஊறி, விடிந்தபோது கஞ்சிக்குக் கரைத்த மாவு போல அலமாரியில் சரிந்து கிடந்தன. மிஞ்சியதைச் சாக்கில் கட்டி எங்கோ ஓர் அலுவலக அறையில் போட்டுப் பூட்டினார்கள். மாதங்கள் போயின. பூட்டு திறக்கவில்லை. அப்போதுதான் இசைவாணி, தெற்கு வீதியில் குடியிருந்த சாரங்கபாணி வீட்டுக்குப் போனாள். அவர் தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய நூலகத்தில் தினம் நாளிதழ் படிக்க வருவார். இவளைக் கண்டால், “என்னம்மா, முடிச்சாச்சா அந்த நாவல்?” என்று கேட்பார். வேறு யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை.

“சார், நம்ம ஊருக்குன்னு சொந்தமா ஒரு லைப்ரரி கேப்போம் சார். நீங்க எழுதுங்க, நான் வீடு வீடாப் போயி கையெழுத்து வாங்கறேன்.”

அவர் எழுதினார். இசைவாணி வெயிலில் தெருத்தெருவாக அலைந்தாள். “லைப்ரரி வந்து எங்களுக்கு என்னத்துக்கு?” என்றவர்களிடமெல்லாம் நின்று பேசினாள். தன் தெருவில் ஒரு வீட்டையும் விடவில்லை. பொன்னுத்தாய் சேலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, தாளில் பாதி இடத்தை அடைத்து, பெரிய பெரிய எழுத்தாகப் பெயரை எழுதினாள்.

கொரோனா வந்தது, போனது. எல்லாரும் அந்தக் கையெழுத்துத் தாளை மறந்துவிட்டிருந்த ஒரு நாள், சாரங்கபாணி பள்ளிக்கூடத்துச் சமையல் கூடத்துக்கே வந்துவிட்டார். கையில் இனிப்புப் பெட்டி.

“வந்துருச்சும்மா! ரெண்டு மாடி. கம்ப்யூட்டர், ஏசி, பிள்ளைங்களுக்குத் தனிப் பகுதி. மாவட்டத்துலயே இப்படி ஒண்ணு கிடையாது.”

இசைவாணிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. “எங்க சார் கட்டறாங்க?”

அவர் இனிப்புப் பெட்டியைத் திறந்து நீட்டினார். “வாய்க்கால்கரை ஓரமா இருக்கே, அந்தப் புறம்போக்கு.”

“எந்தப் பக்கம் சார்?”

“உங்களுக்கெல்லாம் மாற்று இடம் தராங்கம்மா. பட்டாவோட. யோசிச்சுப் பாருங்க, உங்க பேர்ல ஒரு சென்ட் நிலம் இருந்திருக்கா இதுவரைக்கும்?”

நீட்டிய இனிப்பை அவள் எடுத்துக்கொண்டாள். எடுத்தபோது அவர் சொன்னது அவளுக்கு முழுதாக உறைக்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் தன் கையை வெட்டிப் போடலாம் போல இருக்கிறது என்பாள்.

அதற்கப்புறம் அவள் அலையாத அலுவலகம் இல்லை. கடைத்தெருவில் பழைய சந்தைத் திடல் சும்மா கிடந்தது, அங்கே கட்டலாமே என்று கேட்டாள். அது வேறு துறையின் இடம் என்றார்கள். சாரங்கபாணியிடம், “நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சார்” என்று நின்றாள்.

“இப்ப நாம ஏதாவது ஆட்சேபணை சொன்னா ஒதுக்கீடே வேற ஊருக்குப் போயிரும்மா. நீங்கதானே கேட்டீங்க” என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நூலகம் கைநழுவிப் போய்விடுமோ என்ற பயம் அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. வீடு போய்விடுமோ என்ற பயம் அவருக்கு எப்படித் தெரியும்?

புரட்டாசியில் மழைக்கு முன்னால் ஜேசிபி வந்தது. முதல் நாள் ராத்திரியே சாமான்களை வெளியே எடுத்து வைத்திருந்தார்கள். பொன்னுத்தாய் மட்டும் எதையும் எடுக்கவில்லை. வாசலில் உட்கார்ந்திருந்தவளை இரண்டு பெண் போலீஸார் கைத்தாங்கலாகத் தூக்கிக் கொண்டுபோய் வேப்பமரத்தடியில் விட்டார்கள். தெருவில் அந்த மரத்தை மட்டும் வெட்டவில்லை, கட்டடத்துக்கு அழகாக இருக்கும் என்று வரைபடத்திலேயே குறித்திருந்தார்கள். பொன்னுத்தாய் அழவில்லை. இசைவாணியைப் பார்த்து, “கேட்ட, குடுத்துட்டாங்க. போதுமா?” என்றாள்.

மாற்று இடம் களர்த்திடலில். ஊரைத் தாண்டி வெகுதூரம், சாகுபடிக்கு ஆகாத உப்பு பூத்த மண். குழாயில் வருகிற தண்ணீரும் உப்பு. காலையில் முதல் பஸ் வருவதற்குள் அரிசி ஆலையில் வேலை தொடங்கிவிடும். பொன்னுத்தாய்க்கு ஆலை வேலை போயிற்று. சொன்ன பட்டா, வருகிறது வருகிறது என்றார்கள். வரவில்லை.

இசைவாணியின் கணவர் நெடுஞ்செழியன் கொத்தனார். கட்டட வேலை தொடங்கியதும் மேஸ்திரி அவரைக் கூப்பிட்டார். அவர் போனார்.

“என்னங்க, நம்ம வீட்ட இடிச்ச எடத்துல போயி…”

“நான் போகலன்னா வேற எவனாவது பூசப் போறான். நாள் முழுக்க உக்காந்து மோட்டுவளையப் பாக்கச் சொல்றியா?” என்றார் நெடுஞ்செழியன். இங்கே மோட்டுவளைகூட இல்லை, தகரம்தான். பல மாதம் கழித்து ஒரு நாள் சாப்பிடும்போது தானாகவே சொன்னார்: “நம்ம அடுப்படி இருந்த எடத்துல பசங்க உக்காந்து படிக்கற எடம் வருது. மஞ்சக் கலர் டைல்ஸ். நான்தான் பதிச்சேன்.” இசைவாணி அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பை ஊற்றிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

இடித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆனபின், தையில் நூலகம் திறந்தார்கள். திறந்த கையோடு மாசி தொடங்கிப் பங்குனி முடிகிறவரை சனி ஞாயிறு மாலைகளில் கலைவிழா என்று அறிவித்தார்கள். பரதம், நாகஸ்வரம், பட்டிமன்றம், பொம்மலாட்டம், ஓவியப் பயிற்சி, நாடகம். விழாக் குழுவுக்குத் தலைவர் சாரங்கபாணி. அவர் ஸ்கூட்டரில் களர்த்திடலுக்கு வந்தார். முதல் நாள் ஊர்வலத்துக்குத் தெருப் பையன்கள் பறை அடிக்க வேண்டும் என்றார். “நம்ம மண்ணோட கலை. அதுதான் முன்னாடி வரணும்.”

பொன்னுத்தாய் தன் வாசலில் நின்றபடியே சொன்னாள்: “வீட்ட இடிக்கறப்ப நாங்க போட்ட சத்தம் ஒருத்தர் காதுலயும் விழலீங்க. இப்ப மேளம் அடிச்சா மட்டும் விழுமா?”

பையன்கள் போகவில்லை. வெளியூரிலிருந்து ஒரு குழு வந்து அடித்தது.

இசைவாணி போனாள். விழாவுக்கு என்று யாரிடமும் சொல்லாமல், பள்ளிக்கூடத்தில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்தாள். திருவாரூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் அன்று நாகஸ்வரம் வாசித்தார். வேப்பமரத்தைச் சுற்றி சிமெண்டு மேடை கட்டி, அதன்மேல் வண்ண விளக்குப் போட்டிருந்தார்கள். கேட்கக் கேட்க அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. பிடித்திருந்தது. பிடித்துப்போனதுதான் அவளுக்கு வெட்கமாக இருந்தது. அடுத்த வாரமும் போனாள்.

மூன்றாவது வாரம் திருவாரூர்க் கல்லூரி மாணவர்கள் ஒரு நாடகம் போட்டார்கள். நூலகம் பிறந்த கதை. திரை விலகியதும் முள்ளுச் செடிகளை அட்டையில் வெட்டி நிறுத்தியிருந்தார்கள். ஒரு பையன் பாம்பு போல நெளிந்து போனான். பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண் மேடை நடுவில் வந்து, “கருவேலம் மண்டி, மனிதர் கால் படாமல் கிடந்த இந்தப் பொட்டலில்…” என்று தொடங்கினாள்.

இசைவாணி எழுந்து நின்றுவிட்டாள். நிற்க வேண்டும் என்று நினைத்து நின்றது இல்லை.

“இங்க வீடு இருந்துச்சு” என்றாள்.

முன்வரிசையில் தலைகள் திரும்பின. அந்தப் பெண்ணும் பேச்சை நிறுத்திவிட்டாள்.

“வீடுங்க இருந்துச்சும்மா இங்க. நாங்க குடியிருந்தோம். நீ நிக்கற எடத்துலதான் பொன்னுத்தாய் அக்கா கோழி அடைப்பாங்க.”

யாரோ, “உக்காரும்மா” என்றார்கள். விழாக் குழுப் பையன் ஒருவன் வந்து மரியாதையாகவே வெளியே கூட்டிக்கொண்டு போனான். நாடகம் தொடர்ந்தது.

பஸ் நிறுத்தத்தில் அவள் நின்றிருந்தபோது பச்சைச் சேலைப் பெண் ஓடி வந்தாள். முகத்தில் பூசிய மாவு வியர்வையில் வழிந்துகொண்டிருந்தது. பெயர் பிரதீபா. நாடகத்தை எழுதியதும் அவள்தான்.

“அக்கா, எங்களுக்கு யாரும் சொல்லலக்கா. காலி எடம்னுதான் சொன்னாங்க. நெஜமாவே தெரியாது.”

“பரவால்லம்மா.”

“இல்லக்கா, பரவால்லன்னு சொல்லாதீங்க. நான் வந்து பாக்கணும். எல்லாத்தையும் கேட்டு மாத்தி எழுதறேன். கடைசி நாள் எங்களுக்கு இன்னொரு தடவை போட நேரம் குடுத்திருக்காங்க.”

சொன்னபடி வந்தாள். ஒரு ஞாயிறு முழுக்கக் களர்த்திடலில் வீடு வீடாக உட்கார்ந்தாள். பொன்னுத்தாய் முதலில் முகம் கொடுக்கவில்லை. ஆனால் அந்தப் பெண் தகரக் கூரையின் வெக்கையில் பொறுமையாகக் காத்திருந்து, “உங்க வீட்டுக்கு எத்தனை வாசல் அம்மா?” என்று கேட்டபோது பொன்னுத்தாய் பேச ஆரம்பித்தாள். வாய்க்காலில் தண்ணீர் வந்த முதல் நாள் பிள்ளைகள் குதித்தது, புயலன்று எல்லாரும் பள்ளிக்கூடத்தில் படுத்தது, போலீஸார் தூக்கியபோது தன் சேலை அவிழ்ந்தது. பேசி முடித்து, இசைவாணி பக்கம் திரும்பாமலே, “இவளுக்கும் ஒரு வாய் தண்ணி குடு” என்று மகளிடம் சொன்னாள். தெரு மாறி வந்தபின் இசைவாணிக்கு அந்த வீட்டில் கிடைத்த முதல் தண்ணீர் அது.

கடைசி நாளன்று டாடா ஏஸ் ஒன்றைப் பிடித்துக்கொண்டு தெருவே கிளம்பியது. தங்கள் கதை மேடையில் வரப்போகிறது என்று பெண்கள் தலையில் பூ வைத்துக்கொண்டார்கள். பொன்னுத்தாய் இருந்ததில் நல்ல சேலையாகக் கட்டியிருந்தாள். “யாரு என் வேஷம் கட்டறது? அந்த ஒல்லிப் பொண்ணா? என்னைத் தூக்கறதுக்கே நாலு பேரு வேணும்னு சொல்லு அவகிட்ட” என்று சிரித்தாள். நெடுஞ்செழியன் மட்டும் வரவில்லை.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மேடையில் முள்ளுச் செடியும் இல்லை, வீடும் இல்லை. பிரதீபா சுவரோரம் சாதாரணச் சுடிதாரில் நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது.

“காலையிலதான் சொன்னாங்கக்கா. பெரிய அதிகாரிங்க வராங்களாம், நேரம் பத்தாதாம். நான் எவ்வளவோ கேட்டுப் பாத்தேன்.”

இசைவாணி சாரங்கபாணியைத் தேடினாள். அவர் வெள்ளை வேட்டியில் விருந்தினர்களோடு பரபரப்பாக இருந்தார். இவளைப் பார்த்ததும் ஒதுங்கி வந்தார்.

“கோவிச்சுக்காதீங்கம்மா. அந்த நாடகத்தப் போட்டா நூலகத்துக்குத்தான் கெட்ட பேரு. நாம கஷ்டப்பட்டு வாங்கினது. உங்களை நான் மறக்கல, உக்காருங்க, பாருங்க.”

பேச்செல்லாம் முடிந்தபின் தொகுப்பாளர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். “இந்த அறிவுக்கோயில் எழுவதற்குத் தான் வாழ்ந்த வீட்டையே மனமுவந்து ஈந்த ஒரு தாயை இப்போது மேடைக்கு அழைக்கிறோம். வாய்க்கால்கரைத் தெருவின் சார்பாக, திருமதி இசைவாணி!”

கைத்தட்டல். இசைவாணி அசையாமல் இருந்தாள். பக்கத்தில் இருந்த பொன்னுத்தாய் அவளைத் திரும்பிப் பார்த்தாள். “நம்ம சார்பாவா?” என்று மெல்லக் கேட்டாள். அதற்குள் குழுப் பெண்கள் இரண்டு பேர் வந்து இசைவாணியின் கையைப் பிடித்து எழுப்பிவிட்டார்கள்.

மேடையேறினால் ஒலிவாங்கி கிடைக்கும், சொல்லிவிடலாம் என்றுதான் போனாள். பொன்னாடை போர்த்தினார்கள். படம் எடுத்தார்கள். அவள் ஒலிவாங்கிப் பக்கம் நகர்ந்தாள்.

“நாங்க…” என்றாள். ஒலிபெருக்கி கீச்சிட்டது. தொகுப்பாளர் சிரித்த முகத்தோடு ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “நாங்க குடுக்கல. எங்களை யாரும் கேக்கவே இல்ல” என்று அவள் சொன்னது மேடையில் நின்றவர்களுக்கு மட்டும் கேட்டது. “அந்தத் தாயின் குரல் தழுதழுக்கிறது! இன்னொரு முறை கரவொலி!” என்றார் அவர். கூட்டம் தட்டியது. கீழே கடைசி வரிசையில் பொன்னுத்தாய் எழுந்து வெளியே போவது மேடையிலிருந்து தெரிந்தது. சாரங்கபாணியும் தட்டிக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் நிஜமாகவே நீர் இருந்தது.

திரும்பும்போது வண்டியில் எல்லாரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பொன்னாடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இசைவாணி மடியில் வைத்திருந்தாள். பாதி வழியில் பொன்னுத்தாய் அதன் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“பட்டா?” என்றாள்.

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நமக்கு வராத பட்டா இவளுக்கு மட்டும் வந்துவிட்டது என்று இன்னொருத்தி சொன்னாள். அதற்கும் சிரித்தார்கள். இசைவாணி எல்லாருக்கும் சொன்னாள், தொண்டை வறளச் சொன்னாள்: எனக்கு முன்னமே தெரியாது, மேடையில் மறுத்துப் பேசினேன், ஒலிவாங்கியைப் பிடுங்கிக்கொண்டார்கள். “தெரியாமயா பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்க?” என்று ஒருத்தி கேட்டாள்.

மறுநாள் செய்தித்தாளில் படம் வந்தது. ‘நூலகத்துக்கு வீட்டை வழங்கிய பெண்மணி.’ அதைப் பார்த்த நெடுஞ்செழியன் டீக்கடையில் ஒரு கிளாஸை உடைத்துவிட்டு வந்தார். பிரதீபா நாடகத்தை எடுத்துக்கொண்டு தன் கல்லூரியிலேயே போட்டாள், இசைவாணியை அழைத்தாள். அவள் போகவில்லை. சாரங்கபாணி ஒருமுறை கடைத்தெருவில் பார்த்து, “ஏம்மா லைப்ரரிப் பக்கமே வரதில்ல? தினம் நூறு பேருக்கு மேல படிக்கறாங்க” என்றார்.

“வரேன் சார்” என்றாள். பின்பு ஒரு மத்தியானம் போகவும் செய்தாள். நல்ல நூலகம்தான். குறை சொல்ல ஒன்றும் இல்லை. அரசாங்க வேலைக்குப் படிக்கிற பிள்ளைகள் மேசை கொள்ளாமல் உட்கார்ந்திருந்தார்கள், அவர்களில் களர்த்திடல் பையன் ஒருவனும் இருந்தான். எங்கேயாவது ஒரு குறை இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஒரு நாவலை எடுத்துச் சில பக்கம் படித்தாள். கடைசி பஸ் போய்விடும் என்று வைத்துவிட்டு வந்தாள். அப்புறம் போகவில்லை.

சித்திரை வெயிலில் ஒரு நாள் தெருக்குழாயில் அவளும் பொன்னுத்தாயும் மட்டும் நிற்க நேர்ந்தது. இசைவாணிக்குத் தாங்கவில்லை.

“அக்கா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கறேன். நான் அப்படிச் செய்வேன்னு மனசார நெனைக்கறீங்களா?”

பொன்னுத்தாய் குடத்தில் விழும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இல்ல” என்றாள். “நீ செய்யலன்னு எனக்குத் தெரியும். வண்டியில வரப்பவே தெரியும்.”

“அப்புறம் ஏங்க்கா?”

“நான் யார்மேலயாவது கோவப்படணும்ல வாணி? அந்த சாரு மேலயா? அவரு தெற்கு வீதியில இருக்காரு. ஆபீசருங்க யாருன்னே எனக்குத் தெரியாது. நீதான் பக்கத்து வீட்டுல இருக்க.”

குடம் நிறைந்து வழிந்தது. பொன்னுத்தாய் அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, காலால் மண்ணை அழுத்தி அழுத்தி நடந்து போனாள். இசைவாணி தன் குடத்தைக் குழாய்க்கு அடியில் தள்ளினாள். தண்ணீர் நூலாகத்தான் வந்தது.